நீல டப்பாவும் பச்சை டப்பாவும்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் திருப்பூரில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் ஒரு யோசனை சொல்லிவிடுவார். அவர்களில் பாதிப் பேர் மவுஸைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் அடித்துச் சொல்வார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

சண்டை எல்லாம் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான். பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போடுகிற பிராசசர். உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதைச் செய்கிற கம்பெனிகள் இரண்டு. பெயர் எழுதி எதற்கு வம்பு? ஒன்று நீல டப்பாவில் வரும், டிவியில் விளம்பரம் வரும். இன்னொன்று பச்சை டப்பா. விளம்பரம் கிடையாது, விலை குறைவு. அதனாலேயே ஊருக்குள் அதற்கு மரியாதை இல்லை. "பச்சை வாங்காதே, சூடாகும்" என்று டீக்கடையில் நிற்கிறவர்கூடச் சொல்வார்.

எனக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. நான் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். பனியனில் அச்சடிக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிலிம் எடுக்க ஃபைல் கொடுப்பது என் வேலை. வேலை பிடித்திருந்தது. மேனேஜரோடுதான் ஆகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு என் தலைக்கு மேல் மூச்சு விடுவான். பட்டறையில் எவனோ அச்சடிக்கிற ஸ்கிரீனைக் கோணலாக வைத்து நிறம் நகர்ந்துவிட்டால், "டிசைன் தப்பு" என்று என்னைக் கைகாட்டுவான். ஒரு நாள் அத்தனை பேர் முன்னாலும், "பொம்பளைங்களுக்குச் சேலை எடுக்கற அளவுக்குத்தான் கலர் தெரியும்" என்றான்.

"உன் மூஞ்சிக்குச் சேலை எடுக்கக்கூட ஒருத்தியும் கூட வர மாட்டா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசல் வரைக்கும் அவன் குரல் வந்தது. "போ போ. எங்க போவ? கொஞ்ச நாள்ல இதே சீட்டுக்கு வந்து நிப்ப."

அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வேறு ஒரு சின்ன பிரிண்டிங் பட்டறைக்காரர், வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். குளிர்கால ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அதன் டிசைன்களைச் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் மாதாமாதம் வேலை எனக்குத்தான். கொடுக்க முடியாவிட்டால் வேறு ஆள். ஆக, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால் நான் பிழைத்தேன். ஓடாவிட்டால் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக வேண்டும். அவன் மூச்சு தலைமேல் படும்.

என் வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். நாங்கள் இருவருமே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கம்ப்யூட்டர் வாங்க அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எனக்கு அதுல காரு ஓட்டணும்ட்டி."

"சைக்கிளுக்கே பிரேக் பிடிக்கத் தெரியல, காரு வேற."

"அதுல இடிச்சா ஒண்ணும் ஆவாதுல்லா. அதான் கேக்கேன்."

அவர் தையல் கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒருவர் வீட்டில் அந்தக் கார் ரேஸ் விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதமாக அதே பேச்சு. சரி என்றேன். இரண்டு வேலைக்கும் ஆகிற மெஷினாக வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று.

நாங்கள் குடியிருந்தது வேலம்பாளையத்தில், ஷீட்டுக் கூரை போட்ட ஒரு மாடிப் போர்ஷன். கீழே ஒரு பக்கம் வீட்டு ஓனர் குடும்பம், மறுபக்கம் அவருடைய தையல் யூனிட். கொங்குப் பக்கத்துக்காரர், தோட்டம் துரவு உள்ளவர், பேச்சில் மரியாதை சொட்டும். ஆனால் குத்துவதையும் மரியாதையாகவே குத்துவார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்ப என்று அவர் ஏற்கெனவே நீல டப்பா மெஷின் வாங்கியிருந்தார். அதில் அவர் சீட்டுக்கட்டு விளையாடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க அம்மிணி, நீலமே வாங்கிப்போடுங்க. என்றது மூணு ஜிகாங்க. பச்சையில ரெண்டுகூட வராதுங்க. மூணு பெருசுங்களா, ரெண்டு பெருசுங்களா?"

"நாப்பது கவுண்ட் நூல் பெருசுங்களா, முப்பது கவுண்ட் பெருசுங்களா?" என்றேன்.

நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும் என்று தெரியாமல் அந்த ஊரில் யாரும் யூனிட் நடத்த முடியாது. நம்பர் ஒன்றைச் சொல்கிறது, பொருள் இன்னொன்றைச் செய்கிறது. பிராசசரிலும் அப்படித்தான். அந்த ஜிகா நம்பர், ஒரு நொடியில் எத்தனை முறை அது துடிக்கிறது என்பதைத்தான் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிக்கிறது என்று சொல்லாது. இதை நான் பழைய கம்பெனியில் ஒரு இன்டர்நெட் கட்டுரையில் படித்திருந்தேன். படித்தது சரிதானா என்று பார்க்காமல் வாங்க எனக்கு மனமில்லை.

கடைக்குப் போனோம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்து கொடுக்கிற கடை. கடைக்காரர் இளவயசு ஆள், பேச்சு வேகம். என் கையில் ஒரு சிடி இருந்தது. நான் செய்ததிலேயே கனமான டிசைன் ஃபைல் அதில் இருந்தது. வீட்டுக்காரர் கையில் கார் விளையாட்டு சிடி.

"ரெண்டு மெஷினையும் ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் வாங்குறேன்" என்றேன்.

"அக்கா, யாரும் அப்படிக் கேட்டதில்லக்கா. விலை கேப்பாங்க, போவாங்க."

"சாம்பிள் பாக்காம பல்க் ஆர்டர் போடுற ஊரா இது?"

அவர் சிரித்துவிட்டார். கடையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் இரண்டிலும் ஒரே மாதிரி போடச் சொன்னேன். துணி வேறு, சாயம் வேறு என்றால் எதை வைத்து ஒப்பிடுவது?

என் ஃபைலை இரண்டிலும் திறந்து, படத்தைத் திருப்பினேன், மங்கலாக்கினேன், நிறம் பிரித்தேன். பச்சை கொஞ்சம் முந்தியது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஜிகாவை இரண்டு ஜிகாகூட இல்லாதது முந்தினால் அது போதாதா? பிறகு ஒரு பக்கம் சிடி எழுதவிட்டு, பாட்டும் போட்டு, அதோடு ஃபைலையும் ஓட்டிப் பார்த்தேன். அதில் நீலம்தான் தடுமாறாமல் போயிற்று. அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் டீக்கடை ஆளாகிவிடுவேன்.

கார் விளையாட்டில்தான் முடிவு தெரிந்தது. ஒரு வளைவில் நிறைய கார்கள் ஒன்றாக மோதி, புகை கிளம்பும் இடம். நீலத்தில் அந்த இடம் விக்கி விக்கி வந்தது. பச்சையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. வீட்டுக்காரர் அந்த வளைவுக்குத் திரும்பத் திரும்பப் போய் மோதினார். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, ஒரு தடவையாவது ஜெயிக்கப் பாருங்கண்ணே."

"டெஸ்டு பண்ணுதேன்யா. மோதுனாத்தானே தெரியும்."

பச்சை என்று முடிவு செய்தேன். மிச்சமான பணத்துக்கு மெமரியை இரண்டு மடங்காகப் போட்டுக்கொண்டேன். என் வேலைக்கு மெமரிதான் உயிர். கிளம்பும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். "அக்கா, உங்க ஏரியால பஞ்சு பறக்கும். தூசி உள்ள போகாம பாத்துக்கங்க."

மெஷின் வீட்டுக்கு வந்தது. முதல் இரண்டு நாள் தங்கம் போல ஓடியது. முதல் டிசைனை முடித்துக் கொடுத்தேன், பட்டறைக்காரர் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதற்கப்புறம் பிடித்தது சனியன். வேலையின் நடுவில் பட்டென்று அணைந்துவிடும். கரண்ட் இருக்கும், ஃபேன் சுற்றும், கம்ப்யூட்டர் மட்டும் செத்துப்போகும். சேமிக்காத வேலை எல்லாம் போகும். கொஞ்ச நேரம் விட்டு சுவிட்சை அழுத்தினால் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வரும். வீட்டுக்காரர் கார் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும்.

"நீங்க மோதி மோதித்தான் கெட்டுப்போச்சு" என்று அவரிடம் கத்தினேன்.

"ஏட்டி, படத்துல மோதுனா பெட்டி எப்படிட்டி கெடும்?"

கடைக்காரரை வரச் சொன்னேன். வந்தார், திறந்தார், எல்லாம் கழற்றி மாட்டினார், ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "கரண்ட்டா இருக்கும்க்கா" என்று போய்விட்டார். அவர் தெருமுனை தாண்டியிருப்பார், மெஷின் அணைந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வந்தார். மறுபடி அவர் முன்னால் அது நல்ல பிள்ளையாக ஓடியது. அந்தப் பெட்டியை மாடியிலிருந்து தூக்கிப் போடலாமா என்று இருந்தது.

கீழ்வீட்டுக்காரருக்கு விஷயம் எட்டியது. படியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"அப்பவே சொன்னனுங்களே அம்மிணி, அது சூடாவும்னு. பொம்பளப் புள்ள, கோவப்படுவீங்கன்னு அதுக்கு மேல சொல்லலீங்க."

"உங்களுது நல்லா ஓடுதுங்களா?"

"என்றதுக்கு என்னங்க? ராசாவாட்ட ஓடுது."

அன்று சாயங்காலம் பழைய கம்பெனியில் என் பக்கத்து சீட்டில் இருந்த பெண் போன் செய்தாள். நல்லவள்தான். மேனேஜர் சொல்லச் சொன்னானாம். "சீட்டு காலியாத்தான் இருக்கு, வந்து மன்னிப்பு கேட்டா போதும்னு சொல்றாருக்கா." நான் போனை வைத்தேன். குளிர்கால ஆர்டரில் இன்னும் பெரிய டிசைன் பாக்கி இருந்தது. ஒரு கரடி, பனிச்சறுக்கு, எட்டு நிறம். அதுதான் கனமான வேலை. அதைச் செய்ய உட்கார்ந்தால் மெஷின் நிற்காமல் இருக்கப் போவதில்லை.

கீழ்வீட்டுக்காரர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "இங்க தூக்கிட்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துப்போடலாம்" என்றார். நான் தோற்பதைப் பார்க்கிற ஆசை அவருக்கு. போகாமல் இருந்தால் தோற்றது போலத்தானே? வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவர்கள் கூடத்தில் இரண்டையும் வைத்து அதே கார் விளையாட்டை ஓட்டினோம். அவர்கள் மெஷின் மேசையில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது, நான் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. மத்தியானம் முழுவதும் என் பச்சை ஒரு தடவைகூட அணையவில்லை. அந்த வளைவில் அவருடையது விக்கியது, என்னுடையது வழுக்கியது.

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "என்றதுக்கு இன்னிக்கு என்னமோ ஒடம்புக்குச் சரியில்லீங்க" என்று சொல்லி, அவசரமாக மெஷினை நிறுத்திவிட்டார்.

மேலே கொண்டுவந்து வைத்தோம். அரை மணி நேரத்தில் அணைந்தது.

"வீடுதான்ட்டி காரணம். மேல ஷீட்டு, வெயில் அடிக்கி" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படியானால் கீழ்வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய சீட்டு. இரண்டில் எது கேவலம் என்று யோசித்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்தேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் கரடியை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வானம் மூட்டமாக இருந்தது, ஷீட்டு குளிர்ந்துதான் இருந்தது. எட்டு நிறத்தையும் பிரிக்கக் கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வாசனை வந்தது. தீய்ந்த வாசனை இல்லை. கம்பெனியில் அயர்ன் டேபிள் பக்கம் போனால் வருமே, சூட்டில் இருக்கிற புதுப் பருத்தித் துணியின் வாசனை. என் வீட்டில் யாரும் அயர்ன் போடவில்லை. அயர்ன் பாக்ஸே என் வீட்டில் கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். பெட்டி தன் பனியனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திருப்பூரில் எந்த டெய்லர் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். மிக்சிக்குச் சட்டை இருக்கும், டிவிக்குச் சட்டை இருக்கும், கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை இருக்கும். மிஞ்சின துணி வீட்டுக்கு வரும், வந்தால் எதற்காவது அளவெடுத்துத் தைப்பார்கள். கடைக்காரர் தூசி என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு அளவெடுத்தார். ஸ்வெட்டர் தைக்கிற கனத்த ஃப்ளீஸ் துணி. இரண்டாம் நாள் ராத்திரி போட்டுவிட்டார். உடம்பில் ஒட்டிய மாதிரி பிட்டிங். முன்னால் சுவிட்சுக்கும் சிடி போடும் இடத்துக்கும் ஓட்டை விட்டு, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப்பைச் சுற்றி வைத்து முடித்திருந்தார். பின்னால் காற்று வெளியேறுகிற ஃபேன் பக்கம்தான் தூசி அதிகம் போகும் என்று அங்கே மட்டும் இரட்டைத் துணி. எவ்வளவு அழகாக இருந்தது என்றால், அதைக் கழற்றாமலேதான் மெஷினை ஓட்டினோம். கடைக்காரர் வருகிறார் என்றால், விருந்தாளிக்குக் கட்டிலை ஒழுங்கு செய்கிற மாதிரி, அதைக் கழற்றி மடித்து வைத்துவிடுவேன், அவர் படியிறங்கியதும் மாட்டிவிடுவேன். கீழே தூக்கிப் போனபோது பிடி வழுக்குகிறது என்று அவரே கழற்றினார். மேலே வந்ததும் மறக்காமல் மாட்டினார்.

கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் உருவினேன். ரிப் கிழிந்தது. உள்ளேயிருந்து அனல் காற்று முகத்தில் அடித்தது, உள்ளே இருந்த ஃபேன் அப்போதுதான் மூச்சுவிட்டது போலச் சத்தம் குறைந்தது. மெஷின் அணையவில்லை. கரடியின் எட்டாவது நிறம் வரைக்கும் போய் நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு எழுந்து போய் அவரை எழுப்பினேன்.

"ஏங்க, கம்ப்யூட்டருக்குக் குளிருதுன்னு உங்ககிட்ட சொல்லிச்சா?"

பாதித் தூக்கத்தில் அவர் கிழிந்த துணியைத்தான் பார்த்தார். "ரிப்பக் கிழிச்சுட்டியேட்டி. கழுத்து எப்படி வந்திருந்துச்சு."

"நீங்க தச்ச கழுத்து என் கழுத்துக்கே கயிறா வந்திருக்கும்."

காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி மெஷின் தானே அணைந்துகொள்கிறது என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பெட்டியின் பின்புறம் கையை வைத்து, வருகிற காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கீழ அண்ணாச்சிக்கும் ஒண்ணு தச்சுக் கொடுத்தேன்ட்டி. ஒன்னுதப் பாத்துட்டு அவரே ஆசப்பட்டுக் கேட்டாரு. காலர்கூட வச்சேன்."

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எனக்கு ஜிவ்வென்று ஏறியது. படியிறங்கிப் போனேன். அவர் சட்டை போடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய நீல டப்பா மெஷின் கருநீல போலோ காலரோடு இருந்தது.

"ஏனுங்க, உங்க ராசா அணையறது உண்டுங்களா?"

பேப்பரை இறக்கவில்லை. "அது வந்துங்க அம்மிணி... எப்பவாச்சும்ங்க."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தார். "எப்பவாச்சுமா? தெனமும் நாலு வாட்டி படுத்துக்குது கண்ணு. மேல பச்சை கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டு, என்றதும் அப்புடித்தான்னு எப்புடிச் சொல்லறதுன்னு வாயையே தொறக்காம உக்காந்திருக்கறாரு."

இத்தனை நாளும் என்னைக் குத்திய குத்துக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இறங்கினேன். ஆனால் என் மெஷின் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிம்மதியில் எனக்குத் திட்ட வரவில்லை. போய் அந்தப் போலோ சட்டையைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.

"இதை நீங்க போட்டுக்குங்க. அதுக்கு வேண்டாம்."

அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "தையல் சுத்தமாத்தானுங்க இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

அன்று மத்தியானமே கரடி ஃபைலை சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் ஃபிலிம் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக எட்டையும் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல்கூட நகரவில்லை. "அடுத்த ஆர்டரும் நீங்களே பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை.

அந்த மெஷின் எனக்கு ஐந்து வருஷம் உழைத்தது. எதை வாங்கலாம் என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். கேம் ஆடவும் காசு மிச்சம் பண்ணவும் அப்போது பச்சைதான் நல்லது. ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிறவருக்கு நீலமும் மோசமில்லை. ஆனால் உங்கள் ஃபைலைப் போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், வாங்கியபின் அதற்கு உடுப்பு தைக்காதீர்கள்.

கரடியைக் கொடுத்த அன்று, பட்டறையிலிருந்து திரும்பும் வழியிலேயே எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி, பழைய கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, வர்றீங்களா?"

"வரல. அந்த சீட்டுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு."